வன்னியில் இருந்துகொண்டு சிறுவர் தகவல் நூல் எழுதி வெளியிட விரும்புவோருக்கு

கிளிநொச்சியில் இருந்துகொண்டு என் முதல் சிறுவர் நூலை வெளியிட எனக்கு இரண்டு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் பிடித்தன. குளத்தைப் பற்றிய 32 பக்க நூல் அது. எழுதுவதற்கு எடுத்த காலம் அதில் ஐந்து மாதம்தான். மிகுதிக் காலம் முழுவதும், முன்னர் செய்ய வேண்டியதைப் பின்னரும் பின்னர் செய்ய வேண்டியதை முன்னரும் செய்ததால் கழிந்தது. கதையும் பாட்டும் எழுதுவோர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆனால் குளம், காடு, பறவை, நெல், கடல், மனித உடல் என்று உள்ளதை உள்ளபடி சிறுவருக்குச் சொல்லும் நூல்களை எழுதுவோர் மிகக் குறைவு. எழுத ஆசைப்படும் ஆசிரியர்களும் இளைஞர்களும் நான் பட்ட பாட்டைப் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றை ஒழுங்குமுறைப்படி இங்கே எழுதுகிறேன்.

1. பிள்ளை போய்ப் பார்க்கக்கூடிய பொருளைத் தெரிவுசெய்யுங்கள்

முதல் நூலுக்கு விண்வெளியையோ டைனோசரையோ எடுக்காதீர்கள். அவற்றுக்கு அழகிய வண்ண நூல்கள் வெளியிலிருந்து வந்து குவிகின்றன. அவற்றோடு படத்திலும் தாளிலும் உங்களால் போட்டியிட முடியாது. ஆனால் குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் துருசு எப்படித் திறக்கிறது, பாலைப் பழம் எந்த மாதம் பழுக்கிறது, கட்டுக்கரைக் குளத்துக்கு எந்தப் பறவைகள் வருகின்றன என்பதையெல்லாம் இங்கே இருக்கும் ஒருவர்தான் நன்றாக எழுத முடியும். வாசித்த பிள்ளை மறுநாளே அதைப் போய்ப் பார்த்து, நீங்கள் எழுதியது சரியா என்று சோதிக்கவும் முடியும்.

பொருளை முடிவுசெய்ய முன்னர் இரண்டு தேடல்களைச் செய்யுங்கள். முதலாவது, அதே பொருளில் தமிழில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. உங்கள் பிரதேச சபை நூலகத்தின் சிறுவர் பகுதியையும், 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தையும் பாருங்கள். ‘நூலகம்’ தளத்தில் தேடச் செலவு எதுவும் இல்லை. இரண்டாவது தேடல், பாடத்திட்டம். தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியில், ஆரம்பப் பிரிவின் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடத்தில் உங்கள் பொருள் எந்தத் தரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பின்பற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் அதிபரிடம் நூலைக் கொண்டு செல்லும்போது, “இது தரம் 4க்குப் பொருந்தும்” என்று உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “புலமைப்பரிசில் வினாக்களையும் பின்னால் சேர்த்துவிடுங்கள், நன்றாக விற்கும்” என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். விற்கும் என்பது உண்மைதான். ஆனால் வினாத்தாளைக் கண்டவுடன் அந்த நூல் பிள்ளையின் கையிலிருந்து பெற்றோரின் கைக்குப் போய்விடுகிறது. நான் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

2. ஓராண்டு நாட்காட்டி போடுங்கள்

வன்னியின் இயற்கையை எழுதுவதென்றால் ஒரு முழு ஆண்டு தேவை. குளம் நிறைந்து வழிவதை, அதாவது வான் பாய்வதை, படம் எடுக்க மார்கழி, தை மாதங்களில் நிற்க வேண்டும். அதே குளம் வற்றி, அடி வெடித்துக் கிடப்பதை எடுக்க ஆவணி, புரட்டாதியில் போக வேண்டும். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிந்துவிடும். வலசைப் பறவைகள் ஐப்பசிக்குப் பின் வந்து பங்குனியில் புறப்பட்டுவிடும். நான் சித்திரையில் வேலையைத் தொடங்கினேன். ஆகவே வான் பாயும் ஒரே ஒரு படத்துக்காக எட்டு மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. நீங்கள் புரட்டாதியில் தொடங்கினால் வறண்ட குளம், மாரி, அறுவடை மூன்றும் ஏழு மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

களத்துக்குப் போகும்போது இரண்டு விடயங்களில் கவனமாக இருங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அத்தகைய இடங்களுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடுதான் போக வேண்டும். அடுத்தது, மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்புக் கட்டையோ உள்ள இடத்தில், ஊரவர் நடந்து பழகிய பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது. நல்ல படம் கிடைக்கும் என்று பற்றைக்குள் இறங்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்வதானால் இதை அவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. தகவல் கொப்பி ஒன்றை வைத்திருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதல் நிரலில் நூலில் வரும் வாக்கியம்; இரண்டாவதில் அது எங்கிருந்து கிடைத்தது; மூன்றாவதில் அதை வாசித்து உறுதிசெய்தவர். மூன்றாம் நிரல் வெறுமையாக உள்ள எந்த வாக்கியமும் நூலுக்குள் போகக் கூடாது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் என்னைக் காப்பாற்றியது இந்தக் கொப்பியே.

என் முதல் வரைவில், “மழைக்காலத்தில் குளத்தில் நீர் கூடினால் துருசைத் திறந்து மேலதிக நீரை வெளியேற்றுவார்கள்” என்று எழுதியிருந்தேன். படித்தவர்கள் மூவர் அதை வாசித்தும் யாரும் பிழை காணவில்லை. நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் காட்டியபோது, அவர் அந்த வரியில் விரலை வைத்து அப்படியே நிறுத்திவிட்டார். “தம்பி, துருசு வயலுக்கு; வான் குளத்துக்கு” என்றார். துருசு குளக்கட்டின் அடியால் நீரை வாய்க்காலுக்கு விடுவது. நிறைந்த நீர் கட்டை உடைக்காமல் மேலால் வழிந்து போக அமைந்ததே வான். அவர் சொன்ன அந்த ஒரு வரி, அவருடைய அனுமதியோடு, நூலின் ஒன்பதாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பேரிடம் காட்டுங்கள்: அதைப் படித்த ஒருவர், அதைக் கையால் செய்த ஒருவர். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவரைத் தேடுங்கள். அதுவரை அந்த வாக்கியத்தை நிறுத்திவையுங்கள்.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். ஊரில் வெள்ளையாக நிற்கும் பறவை எல்லாம் கொக்குத்தான். முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லி, பிறகு நூல்களில் வழங்கும் பெயரைச் சொல்லுங்கள். ‘மதகு’, ‘கலிங்கு’ என்ற சொற்கள் நல்ல தமிழ்தான்; ஆனால் இங்குள்ள பிள்ளைக்குத் தெரிந்தவை துருசும் வானும். அவற்றை வைத்தே எழுதி, மற்றச் சொற்களைக் கடைசிப் பக்கச் சொல்விளக்கத்தில் கொடுங்கள்.

4. வடிவமைப்புக்கு முன் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் 80 முதல் 120 சொற்கள் போதும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

பாடசாலையில் வாசிக்க அதிபரின் சம்மதம் மட்டும் போதாது என்று சொல்லப்படலாம். எனவே வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள். தேசிய அடையாள அட்டைப் பிரதி, கைப்பிரதியின் நகல், எந்தத் தரம், எத்தனை பாடவேளை, பணம் எதுவும் அறவிடப்படாது என்ற உறுதி ஆகியவை அதனோடு இருக்க வேண்டும். பரீட்சை நெருங்கும் வாரங்களில் கேட்காதீர்கள். தவணை தொடங்கி இரண்டாவது வாரம்தான் பொருத்தமானது. பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுப்பதானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

வாசிக்கும்போது “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் “ஓம்” என்பார்கள். கேட்டதைப் படமாக வரையச் சொல்லுங்கள். நான் வாசித்த வகுப்பில் பதினொரு பிள்ளைகள் துருசைக் குளத்தின் நடுவே கோபுரம் போல வரைந்திருந்தார்கள். என் எழுத்து எங்கே தவறியது என்பதை அந்தப் படங்கள் காட்டின.

5. படங்களும் அவற்றின் உரிமையும்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் படம் இலவசப் படம் அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படமும் ஓவியமும் அவற்றை ஆக்கியவருக்கு உரியவை. அந்த உரிமை அவருடைய ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் எழுத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆகவே “உரிமையைப் பதிவுசெய்து தருகிறேன்” என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஓவியரோடு ஒரு பக்கத்திலாவது உடன்பாடு எழுதுங்கள். எத்தனை ஓவியம், எந்தத் திகதி, எவ்வளவு தொகை, எத்தனை முறை திருத்தித் தருவார், மறுபதிப்புக்கும் சிங்கள மொழிபெயர்ப்புக்கும் அதே ஓவியங்களைப் பயன்படுத்தலாமா, மூல ஓவியம் யாரிடம் இருக்கும் ஆகியவை அதில் தெளிவாக இருக்கட்டும். தொகையை மூன்றாகப் பிரித்து, தொடக்கத்திலும் பென்சில் வரைவு முடிந்ததும் வண்ணம் முடிந்ததும் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

ஒளிப்படங்களை வட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். கைபேசித் திரையில் பளிச்சென்று தெரிவது அச்சில் மங்கிப்போகும். ஏ4 அளவு முழுப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 2480 × 3508 புள்ளிகள் தேவை. மூலக் கோப்பை மின்னஞ்சலிலோ பென்ட்ரைவிலோ வாங்குங்கள்.

6. பதிப்பகமா, சொந்த வெளியீடா?

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள பதிப்பகம் ஒன்று முன்வந்தால் நல்லது. ஆனால் வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள். எனக்கு ஒரு பதிப்பகம் “தையில் போட்டுவிடுவோம்” என்று சொன்னதை நம்பி, ஒரு கடிதம்கூட இல்லாமல் பதினொரு மாதங்கள் கைப்பிரதியை அங்கே கிடக்கவிட்டேன். வெளியிடும் திகதி, முதற்பதிப்பின் பிரதிகள், உங்களுக்குரிய பங்கு, அந்தத் திகதி தவறினால் உரிமை உங்களிடமே திரும்பும் என்ற வரி ஆகிய நான்கும் எழுத்தில் வேண்டும். அச்சிட்ட நூல்களில் 300 பிரதிகளை நீங்களே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தால், செலவு முழுவதும் உங்களுடையது, நூல் மட்டும் அவர்களுடையது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வெளியிடுவதானால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்வது பற்றிச் சிந்தியுங்கள். பாடசாலைகளும் நூலகங்களும் விலைமனு கேட்டு, காசோலை எழுதித்தான் வாங்கும். அந்தக் காசோலையை மாற்ற அதே பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இடத்தின் உரிமையைக் காட்டும் ஆவணம், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை இதற்குத் தயாராக வைத்திருங்கள். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தை முதலே வாங்கிவைப்பது நல்லது.

7. அச்சுக்கு முன் நூல் இலக்கம்

ஐஎஸ்பிஎன் எனப்படும் பதின்மூன்று இலக்க நூல் எண்ணை இலங்கையில் வழங்குவது, கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. நமது எண்கள் 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கும். நிரப்பிய விண்ணப்பத்தோடு தலைப்புப் பக்கம், பதிப்பு விபரப் பக்கம், உள்ளடக்கம் ஆகியவற்றின் பிரதிகளையும் அணியமாக வைத்திருங்கள். கட்டணத்தையும் அன்றைய நடைமுறையையும் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டே அனுப்புங்கள். ஒரு தாள் குறைந்ததற்காக இரவு பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போய், மறுநாள் இரவு வெறுங்கையோடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சிட வேண்டிய நூலகப் பட்டியல் விபரத்தையும் அதே சபையிடம் கேட்டு வாங்கலாம். அது இருந்தால் நூலகர்களின் வேலை குறையும்.

எண் வருவதற்கு முன் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நான் அவசரப்பட்டுக் கொடுத்தேன். பின்னர் 500 பிரதிகளின் பின்னட்டையிலும் எண் அச்சிட்ட ஒட்டியை நானும் மனைவியும் பிள்ளைகளும் மூன்று இரவுகள் இருந்து ஒட்டினோம். வேறொருவரின் எண்ணைக் கடன் வாங்குவதும் தவறு; எண் வெளியீட்டாளருக்கு உரியது. மாற்றமின்றி மறுபடி அச்சிடும்போது பழைய எண்ணே போதும். உள்ளடக்கத்தை மாற்றிப் புதிய பதிப்பாக்கினால் புதிய எண் வேண்டும்.

அச்சிட்டபின் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் ஒப்படைக்கப்பட வேண்டும். அது அச்சகத்தாரின் பொறுப்பு. செய்தார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பாடசாலை நூலகங்களுக்கு உகந்த நூல் என்ற அங்கீகாரத்தைப் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வழங்குகிறது. எனக்கு முடிவு வர ஒன்பது மாதங்கள் ஆயின. அந்தக் கடிதம் இல்லாமல் பல அதிபர்கள், விருப்பம் இருந்தாலும், நூலக நிதியில் வாங்கத் தயங்குகிறார்கள். ஆகவே இதை விற்பனைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளும் வேலையாக ஒதுக்காதீர்கள். தேசிய நூலக சபைக்கு எழுத்தாளருக்கான நூல் வெளியீட்டு உதவித் திட்டமும் இருக்கிறது. அதற்கான அறிவித்தலைப் பத்திரிகைகளில் கவனித்துவாருங்கள்.

8. வடிவமைப்பும் அச்சும்

உங்கள் கோப்பு யூனிகோடில் இருக்கும்; இங்குள்ள அச்சகங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறும், சில எழுத்துகள் காணாமலே போகும். அச்சகத்தார் அனுப்பும் இறுதிப் பிடிஎஃப்பைத் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கைப்பிரதியைப் பார்க்க வேண்டும். என் நூலில் “வாய்க்கால்” என்ற சொல் ஓரிடத்தில் “வாய்கால்” ஆகியிருந்தது, நான்கு முறை கண்ணால் பார்த்தும் தப்பியது, வாசித்துக் கேட்டபோதுதான் பிடிபட்டது.

நடுவில் கம்பி அடிக்கும் நூலின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16இன் மடங்கானால் தாள் வீணாகாது. 32 பக்கத்தில் திட்டமிடுங்கள். 34 பக்கம் எழுதிவிட்டு இரண்டு பக்கத்தைக் கூட்டுவது அச்சுச் செலவை வேறு படிக்குத் தூக்கிவிடும். 100 பிரதிகளுக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. 500 என்றால் ஓஃப்செட் மலிவு. கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று மூன்று இடங்களிலாவது எழுத்தில் விலைமனு வாங்குங்கள். தாளின் கனம், அட்டைப் பூச்சு, ஏற்றிவரும் கூலி ஆகியவை சேர்ந்த தொகையா என்று பாருங்கள். பத்திரிகை அச்சும் பாடசாலைக் கொப்பி அச்சும் குவியும் மார்கழி, தை மாதங்களைத் தவிருங்கள்.

9. விலை போடும் கணக்கு

கணக்கின் வழியைக் காட்டுவதற்காக மட்டும் ஓர் உதாரணம் தருகிறேன். தொகைகளை உங்கள் விலைமனுப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஓவியம், வடிவமைப்பு, அச்சு, கூலி, பயணம் எல்லாம் சேர்ந்து 500 பிரதிகளுக்கு 240,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு பிரதிக்கு 480 ரூபாய். 600க்கு விற்றால் 120 லாபம் என்று மனம் சொல்லும். ஆனால் புத்தகக் கடைக்கு நூற்றுக்கு 35 கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 390. பிரதிக்கு 90 ரூபாய் நட்டம். இன்னும், சட்டப்படி ஒப்படைப்பது, அங்கீகாரத்துக்கும் பரிசுக்கும் அனுப்புவது, ஓவியருக்கும் சரிபார்த்தவர்களுக்கும் கொடுப்பது என்று 40 பிரதிகள் போய்விடும். விற்க இருப்பது 460. இப்போது அடக்கவிலையே ஏறத்தாழ 522. கடைவழியாக மட்டும் விற்றால் 803 ரூபாய்க்கு மேல் விலை போட்டால்தான் முதல் திரும்பும்.

அந்த விலையைக் கூலி வேலை செய்யும் பெற்றோர் கொடுக்க மாட்டார்கள். ஆகவே கடையை நம்பாமல் பாதிக்கு மேல் நேரடியாக விற்கத் திட்டமிடுங்கள். இந்தக் கணக்கை அச்சுக்கு முன் போட்டால் பிரதிகளையோ ஓவியங்களையோ குறைக்கலாம். அச்சிட்டபின் போட்டால் கவலைப்பட மட்டுமே முடியும்.

முதல் மூன்று நூல்கள் வரை இது உங்கள் பிழைப்புக்கு உதவாது. மாதச் சம்பளம் தரும் வேலையை விடாதீர்கள். நூலின் வழியே வரும் பயிற்சிப்பட்டறைகள், சிறுவர் இதழ்களின் பத்திகள், பயிற்சி ஏடு தயாரிப்பு ஆகியவற்றுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு, நூல் விற்று வருவதைவிட அதிகமாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

10. வெளியீடு, விற்பனை, பாதுகாப்பு

வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோர் தரும் உறைகள் அச்சுச் செலவில் ஒரு பகுதியை மீட்டுத்தரும். ஆனால் மண்டபம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி, பொன்னாடை என்று செலவும் கூடும். பாடசாலை மண்டபத்தில், பாடசாலை விட்டபின், பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தி, ஒரு பிள்ளையையே ஆய்வுரை செய்யவைத்து நடத்துங்கள். எங்கள் விழாவில் தரம் 5 மாணவி ஒருத்தி நான்கு நிமிடம் பேசினாள். அன்று விற்றவற்றில் பெரும்பகுதி அவள் பேசி முடித்த பின்னரே விற்றது.

அரச சாகித்திய விருதுக்கு முந்திய ஆண்டில் முதற்பதிப்பாக வந்த நூல்களையே எடுக்கிறார்கள்; வடமாகாணத்தின் சிறந்த நூற்பரிசுக்கும் விண்ணப்பிக்கலாம். எனவே பதிப்பு விபரப் பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் பிழையின்றி அச்சிடுங்கள். மார்கழியில் அச்சிட்டுத் தையில் வெளியிடும் நூல் எந்த ஆண்டுக்குரியது என்ற குழப்பத்தில் வாய்ப்பை இழந்தவர்களை நான் அறிவேன்.

மிகுதிப் பிரதிகளைச் சீமெந்து நிலத்தில் அடுக்காதீர்கள். ஒரு மாரி போதும், அடிக்கட்டு முழுவதும் ஈரம் உறிஞ்சி அலையலையாக எழும்பிவிடும். மிஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பொலித்தீன் உறையில் வையுங்கள்.

ஒரு பிரதியை மட்டும் தனியாக எடுத்து, முன்னட்டையில் ‘திருத்தப் பிரதி’ என்று சிவப்பு மையால் எழுதிவையுங்கள். வாசகர் சொல்லும் ஒவ்வொரு பிழையையும், சொன்னவரின் ஊரையும் திகதியையும், அதே பக்கத்தின் ஓரத்தில் குறியுங்கள். என் திருத்தப் பிரதியில் இதுவரை ஆறு குறிப்புகள் இருக்கின்றன. அவற்றுள் நான்கு பிள்ளைகள் சொன்னவை; கடைசிக் குறிப்பு பதினான்காம் பக்கத்துப் பறவையின் கால் நிறம் பற்றி, துணுக்காயில் இருந்து.